பயறுக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையைப் படித்தேன். ரயிலைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் அழகாக எழுதிக்கொண்டே வந்தவர், இனிப்பு என்று வந்ததும் இரண்டு வரியில் கதையை முடித்துவிட்டார். பார்க்கப் பூப்போல இருக்கிறது, வாயில் போட்டால் சப்பென்று இருக்கிறது, விலை மட்டும் யானை விலை என்கிறார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் விமான நிலையத்தில் வாங்கிய பெட்டியைத் தின்று பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்பதும் அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது. ரங்கூனில் தலை நரைக்கும்வரை பயறுத் தரகு செய்தவன் நான். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் ஒதுக்கித் தள்ளிய பண்டம் முக்கால்வாசி பயறு. பயற்றோடு பிறந்து வளர்ந்த நம் மக்களுக்கு அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

என் மகள் தோக்கியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பர்மாவிலிருந்து போன பிள்ளைகள் அங்கே ஏராளம். தகதனோபாபா ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தால் எங்கள் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவின் வாசனையே வரும். ஜூன் மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கேயும் அது மழைக்காலம். எங்கள் வீட்டில் ஜப்பானைப் புகழ்ந்து பேசும் வழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. என் பெற்றோருக்கு ஜப்பான் என்றால் 1941 டிசம்பரில் ரங்கூன் மீது விழுந்த குண்டுகளும், அடுத்த ஆண்டு மலைப்பாதையில் நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டு ஊர் போய்ச் சேராத உறவினர்களும்தான். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலை செய்து மாண்ட தமிழர்களை நானும் மறக்கவில்லை. அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

மகள் குடியிருக்கும் தெருமுனையில் ஓர் இனிப்புக் கடை இருக்கிறது. வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அவர் பின்கட்டில் செய்கிறார், அந்த அம்மாள் முன்னால் நின்று விற்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு வகைக்கு மேல் கிடையாது. நம் கடைகளைப் போல லட்டு ஒரு மலை, ஜிலேபி ஒரு மலை என்று அடுக்கி வைக்கும் பழக்கமும் இல்லை. ஒவ்வொரு வகையிலும் பத்துப் பன்னிரண்டு உருப்படி. தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அதிகாலையில் எழுந்து செய்வது மாலைக்குள் விற்றுவிட வேண்டும். புதுசாகவே தின்ன வேண்டிய பண்டம் அது. மறுநாள் வைத்துத் தின்றால் மேல் தோல் காய்ந்துவிடும்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிச் சாடிகள் இருந்தன. ஒன்றில் சிவப்புப் பயறு, மற்றொன்றில் வெள்ளைப் பயறு. இரண்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது. "அப்பா, பயறு எந்த ஊரில் விளைந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றாள் மகள். சிவப்பு, ஹொக்கைடோ தீவின் தொகாச்சிச் சமவெளியில் விளைந்த அஸூகி. வெள்ளையும் அதே தீவுதான். எனக்குக் கை பரபரத்தது. குத்தூசியை மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, சொத்தை, சுருக்கம், கல், ஈரம் எல்லாம் பார்த்து விலை சொல்லிப் பழகிய கை இது. மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் சாடியைத் திறந்து ஒரு சிட்டிகை என் கையில் போட்டார்.

அஸூகியை நான் முதல் முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தது அப்போதுதான். உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியது, அடர்ந்த சிவப்பு, மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. விரலால் உருட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. ஒன்றில்கூட வண்டு துளைத்த தடம் இல்லை. பல்லில் வைத்துக் கடித்தேன். சுத்தமாக இரண்டாக உடைந்தது. நன்றாகக் காய்ந்த பயறு. இவன் யார் பயற்றைக் கடித்துப் பார்க்கிறான் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பர்மாவில் பயறு வியாபாரம் செய்தவர் என்று மகள் சொன்னதும் உள்ளே போய்க் கணவரை அழைத்துவந்தார். அதன் பிறகு நாங்கள் பேசியது பெரும்பாலும் வேகவைப்பதைப் பற்றித்தான். இலையுதிர் காலத்தில் புதுப் பயறு வந்ததும் வேகும் நேரம் மாறிவிடும், பழைய கணக்கில் அடுப்பை விட்டால் குழைந்துவிடும் என்றார். உளுந்தும் அப்படித்தான், புதுசை அரைத்தால் மாவு நிறையக் காணும், பழசு காணவே காணாது என்றேன். மகள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அவர் பலமாகத் தலையாட்டினார்.

அந்தக் கடையில் நடக்கும் வேலை, சுருக்கமாகச் சொன்னால், பூரணம் கிண்டுவதுதான். கொழுக்கட்டைக்கும் சுழியனுக்கும் போளிக்கும் நம் வீடுகளில் செய்கிற அதே காரியம். ஆனால் அதற்கு அவர்கள் படும் பாடு வேறு. பயற்றை முதலில் கொதிக்கவிட்டு அந்த நீரை அப்படியே கொட்டிவிடுகிறார்கள், துவர்ப்பு போவதற்காக. பிறகு நிதானமாக வேகவைக்கிறார்கள். தோலோடு விடுவது ஒரு வகை. மற்றொரு வகையில், வெந்ததைச் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, விழுதைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து இறுத்து, மறுபடி தண்ணீர் விட்டு மறுபடி இறுத்து, கடைசியில் துணியில் கட்டிப் பிழிகிறார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கரை சேர்த்து அடுப்பில் கிண்டுவது.

இப்படிச் செய்தும் விழுது பசைபோல ஆவதில்லை. காரணம் பயற்றுக்குள்ளேயே இருக்கிறது. வேகும்போது செல்லுக்குள் இருக்கும் புரதம் முதலில் இறுகி மாவுச்சத்தைச் சுற்றிக்கொள்கிறது. மாவு வெளியே கசியாமல் ஒவ்வொரு செல்லும் தனித்தனி மணியாகவே நின்றுவிடுகிறது. நாக்கில் மென்மணலாக அது கரைவது அதனால்தான். நிலக்கடலையிலும் சோயாவிலும் எண்ணெய் அதிகம், மாவு குறைவு. அவற்றை வைத்து இதைச் செய்ய முடியாது.

நெய், பால், ஏலக்காய், முந்திரி எதுவும் இல்லை. நம் நாக்குக்கு முதல் வாயில் சப்பென்று படுவது அதனால்தான். சர்க்கரை அங்கே குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம், தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொடுக்க வாசனை ஏதும் இல்லாததால் பயற்றின் ருசி தனியாக முன்னால் வந்து நிற்கிறது. அதோடு குடிப்பது சர்க்கரை போடாத பச்சைத் தேநீர். நம் பர்மாத் தேநீர்க்கடைகளில் மேசைமேல் ஃபிளாஸ்கில் இலவசமாக இருக்கும் வெறுந்தேநீரைக் குடித்தபடி பனைவெல்லம் கடித்த யாருக்கும் இந்தச் சேர்க்கை உடனே பிடிபடும். தேநீர் இல்லாமல், விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரோடு தின்றால் கட்டுரையாளர் சொன்னதுபோலத்தான் இருக்கும்.

நான் வாங்கியது இரண்டு வகை. ஒன்று ஜூன் மாதத்துக்கு உரிய ஹைட்ரேஞ்சியா பூ. வெள்ளைப் பூரண உருண்டையின் மேல், ஊதாவும் நீலமுமாகக் கடற்பாசிக் கூழைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். மழையில் நனைந்த பூங்கொத்து மாதிரியே மினுங்கியது. ஒன்று 400 யென், ஐம்பது கிராம் அளவு இருக்கும். கிலோ கணக்கில் வாங்கும் நமக்கு அது அதிக விலைதான். ஆனால் தோல் நீக்கி, அலசி, பிழிந்து, கிண்டி, ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிச் செய்யும் வேலைக்கு அந்த விலை நியாயம் என்றே சொல்வேன். மற்றொன்று மினாஸுகி. வெள்ளை மாவுப் பலகைமேல் அஸூகியைப் பரப்பி அவித்து முக்கோணமாக வெட்டியது. ஆண்டின் முதல் பாதி முடியும் ஜூன் 30 அன்று, அந்த ஆறு மாதத்துத் தீட்டைக் கழிக்கும் சடங்கோடு சேர்த்துக் கியோத்தோவில் தின்பது வழக்கம். சிவப்புப் பயறு கெட்டதை விரட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி மூதாதையர் கல்லறைக்குப் போவார்கள். அப்போது படைப்பது பசையரிசிச் சோற்று உருண்டைமேல் அஸூகிப் பூரணம் பூசியது. முன்னோருக்குப் படைக்கிற பண்டத்தில் பயறு இருக்க வேண்டும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

சைவ உணவுக்காரர்களுக்காக ஒரு குறிப்பு. யோகான் என்னும் கட்டி இனிப்பு பயறு, சர்க்கரை, கடற்பாசி மூன்றாலும் ஆனது. சீனாவில் ஆட்டிறைச்சிக் குழம்பாக இருந்த பண்டம், புலால் உண்ணாத ஜென் துறவிகள் வழியாக ஜப்பானுக்கு வந்து பயற்றுப் பண்டமாக மாறியது என்று சொல்கிறார்கள். பூவும் இலையுமாக உருட்டும் நெரிகிரி வெள்ளைப் பூரணத்தில் பசையரிசி மாவோ கிழங்கோ சேர்த்துச் செய்வது. இவற்றில் பொதுவாக முட்டை, பால் கிடையாது. இரண்டு அடைகளுக்கு நடுவே பூரணம் வைத்த தொராயாகி, கேக் போன்ற காஸுதெரா இரண்டிலும் முட்டை நிச்சயம். மஞ்சள் கரு சேர்த்துப் பிசையும் பூரணமும் உண்டு. ஆகவே கேட்டு வாங்க வேண்டும். "தமாகோ ஹைத்தெமாஸ் கா" என்று கேட்டால் முட்டை இருக்கிறதா என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். என் வயதுக்காரர்கள் பசையரிசியை இடித்துச் செய்யும் மோச்சியை மட்டும் சிறு துண்டாக்கி மென்று தின்ன வேண்டும். புத்தாண்டுச் சமயத்தில் அது தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறப்பது ஜப்பானில் ஆண்டுதோறும் செய்தியாக வருகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஜப்பானுக்குப் பயறு அனுப்பும் நாடுகளில் பர்மாவும் ஒன்று. ஐராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் வண்டல் கரைகளில் விதைக்கும் பட்டர் பீன்ஸ், சுல்தானி, சுல்தாபியா ஆகிய பயறு வகைகள் மூட்டை மூட்டையாக அங்கே போகின்றன. போவது வேறு எதற்கும் இல்லை, வெள்ளைப் பூரணத்துக்கு. இந்தப் பயறுகளில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருப்பதால், கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்றும், பூரணம் செய்வதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் ஜப்பானில் உணவுச் சட்டம் இருக்கிறது. ஊறவைத்து, கொதிக்கவைத்து, நீரைக் கொட்டி, அலசி, பிழிந்து என்று நான் மேலே சொன்ன பாடெல்லாம் பட்டால் அந்த நஞ்சு நீங்கிவிடும். எங்கள் உளுந்தும் அங்கே போகிறது. அதை முளைகட்டிக் கறிக்கு விற்கிறார்கள்.

தெருமுனைக் கடைக்காரர் பர்மாப் பயற்றை வாங்குவதில்லை. அவருக்கு ஹொக்கைடோ வேண்டும். இன்னும் உயர்ந்த கடைகள் தம்பா மலைநாட்டு அஸூகியையும், ஒகாயாமாவில் விளையும் வெள்ளை அஸூகியையும் தேடிப் போகின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தப் பண்டத்துக்கு எந்தப் பயறு என்பது செய்பவர் பொறுப்பு. எங்கள் பயறு போவது ஆலையில் அரைக்கும் விழுதுக்கு. பன்னுக்குள்ளும், பெட்டியில் அடைத்து விற்கும் மலிவான மஞ்ஜு என்னும் பூரண உருண்டைக்குள்ளும் வைக்க அந்த விழுது போகிறது. கட்டுரையாளர் தின்ற பெட்டியிலேயே ஐராவதிக் கரைப் பயறு இருந்திருக்கலாம்.

ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அது தெரியாது. உள்நாட்டில் தயாராகும் பொட்டல உணவுகளில் முதன்மையான பொருளின் பிறப்பிடத்தைக் குறிக்க வேண்டும் என்ற விதி ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பொருள் ஏற்கெனவே பதப்படுத்தியதாக இருந்தால், அது எங்கே தயாரானது என்று குறித்தால் போதும். பயறு பர்மாவில் விளைந்திருந்தாலும் விழுது அரைத்தது ஜப்பானில் என்பதால், வெள்ளைப் பூரணம், உள்நாட்டுத் தயாரிப்பு என்று அச்சிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். மகளை உட்காரவைத்துப் பல்பொருள் அங்காடியில் வாங்கிய பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஒன்றில்கூட எங்கள் நாட்டின் பெயர் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி விதைக்கிறவனுக்கும் அது தெரியாது, அதைத் தின்கிறவருக்கும் தெரியாது.

ஜப்பானைக் குறை சொல்வதற்கு முன் நம்மையும் பார்க்க வேண்டும். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வருவது. எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்), எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்று தரம் பிரித்துச் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. தரகு வட்டத்தில் அது பர்மா உளுந்து. மண்டியைத் தாண்டியதும் வெறும் உளுந்து. தமிழ்நாட்டில் ஜாங்கிரி சாப்பிடும் ஒருவருக்கு, அதற்கு அரைத்த உளுந்து பர்மாவின் பெகுவில் விளைந்ததா விழுப்புரத்தில் விளைந்ததா என்று தெரிய வழியில்லை. பெயர் இல்லாத சரக்கை விலக்குவதும் எளிது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு வரம்பு கட்டியபோது இங்கே விலை சரிந்து விவசாயிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை ரங்கூனின் பயின்னாங் மொத்தச் சந்தையில் நின்று பார்த்தவன் நான். விற்க முடியாமல் கிடங்கில் அடுக்கிய மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, வாங்க ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வேலையும் என்னுடையதாகத்தான் இருந்தது. இத்தனை காலம் எங்கள் உளுந்தில் இட்லி தின்ற ஊரிலிருந்து அதைப் பற்றி ஒரு குரல் வரவில்லை. எப்படி வரும்? தெரிந்தால்தானே வரும்.

ரங்கூனிலும் இதே நிலைதான். காளி கோயிலைச் சுற்றிய தெருக்களில் இனிப்பு வாங்கும்போது இது என்ன பருப்பு, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று கேட்டால் கடைப் பையன் விழிக்கிறான். இத்தனைக்கும் பயறு விளையும் நாடு இது. இடங்களின் பெயரைச் சொல்லி இனிப்பு விற்பதில் நாம் சளைத்தவர்கள் இல்லை: திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எங்களுக்குப் பசீன் அல்வா. அவையெல்லாம் அடுப்பு இருக்கும் ஊரின் பெயர்கள். விளைந்த வயலின் பெயரை யாரும் சொல்வதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தக் கரிசல் மண்ணில் விளையும் கடலையைப் பற்றியும் பேசினார்கள் என்று படித்து மகிழ்ந்தேன். அந்த வழக்கம் பயற்றுக்கும் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சுத்தமான நெய்யில் செய்தது என்று கொட்டை எழுத்தில் பலகை வைக்கிற கடைகள், அதற்குக் கீழே உளுந்து எந்த ஊர், கடலைப்பருப்பு எந்த ஊர் என்று ஒரு சீட்டு ஒட்டலாம். பர்மா உளுந்தாக இருந்தால் பர்மா என்றே எழுதலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அரைத்தால் நன்றாகக் காணும் உளுந்து அது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாடிப் பயறு வைப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

தங்கள் கட்டுரையாளருக்கும், இனி ஜப்பான் போகும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இப்பண்டங்களை விமான நிலையத்தில் வாங்காதீர்கள். தங்கியிருக்கும் தெருவில் விசாரித்தால் ஒரு சிறு கடை அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் பெரிய அங்காடிகளின் அடித்தளத்தில் பழைய கடைகளின் கிளைகள் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் தொடங்கிய தொராயா போன்றவற்றையும் அங்கே பார்க்கலாம். காலையிலேயே போங்கள். அந்த மாதத்துக்கு உரியதை மட்டும், ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள். வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, வெயில் காலமானால் பெட்டிக்குள் குளிர்பொட்டலம் வைத்துக் கட்டித் தருவார்கள். அன்றே தின்றுவிட வேண்டும். ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் யோகான் வாங்குங்கள். உறை பிரிக்காமல் வைத்தால் ஓர் ஆண்டு வரைகூடத் தாங்கும். பணம் கொடுப்பதற்கு முன் பயறு எந்த ஊர் என்று கட்டாயம் கேளுங்கள். கட்டுரையாளர் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தங்கள் ஞாயிறு மலரிலேயே மறுபடி எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயறுத் தரகர் ஒருவர்,
யாங்கோன் (ரங்கூன்).